தொங்கிப்போன மணிக்கட்டும் மின்தூண்டல் சிகிச்சையும்

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததில் தம்பியின் வலது மேற்கை எலும்பு நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே முறிந்து, பிளேட் வைத்து 6 வாரங்கள் ஆகின்றன. விபத்து நடந்த அன்றிலிருந்தே மணிக்கட்டையும் விரல்களையும் அவரால் மேலே தூக்க முடியவில்லை. அறுவையின்போது, அந்தத் தசைகளுக்குப் போகும் ரேடியல் நரம்பைப் பார்த்த மருத்துவர், அது அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, தானாகவே திரும்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார். பிசியோதெரபி நிலையத்தில் தினமும் கரண்ட் வைக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு டென்ஸ் கருவி (வலிக்குத் தோலின்மேல் பேட் ஒட்டிக் கரண்ட் கொடுக்கும் சிறு கருவி) வாங்கலாமா, கரண்ட் வைத்தால் நரம்பு சீக்கிரம் வளருமா, தசை சூம்பாமல் இருக்குமா என்பவை உங்கள் கேள்விகள்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டென்ஸ் கருவி இந்த வேலைக்கு உதவாது. அதை வாங்க வேண்டாம். தசையின்மேல் வைக்கும் கரண்ட் நரம்பை வேகமாக வளர்க்கும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. தசை சூம்புவதை அது ஓரளவு தாமதப்படுத்தக்கூடும். ஆனால் அதற்கு வேண்டிய மின்துடிப்பின் வகையும் அளவும் வேறு. நரம்பின் வளர்ச்சியையே தூண்டுகிற மின்தூண்டல் ஒன்று உண்மையில் உண்டு. அது அறுவையின்போது நரம்பின்மீதே கொடுக்கப்படுவது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தம்பிக்குத் தேவைப்படுவது, அந்த நரம்பு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் சோதனை. அது தெரியாமல் கரண்ட் வைப்பதைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை விளக்குகிறேன்.

ரேடியல் நரம்பு மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டியபடியே சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருகிறது. எலும்பு அந்த இடத்தில் முறியும்போது நரம்பு இழுபடுவதும் நசுங்குவதும் அடிக்கடி நடப்பவை. மேற்கை எலும்பின் தண்டுப்பகுதி முறிந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு இந்த நரம்பு பாதிக்கப்படுகிறது. முழங்கையை நீட்டும் தசைக்குப் போகும் கிளைகள் அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால் தம்பியால் முழங்கையை நீட்ட முடியும். மணிக்கட்டைத் தூக்கும் தசைகள், விரல்களை அடிமூட்டில் நிமிர்த்தும் தசைகள், கட்டைவிரலை விரிக்கும் தசைகள் ஆகியவைதான் வேலை செய்யாமல் போகும். கையின் புறத்தே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சிறு பரப்பில் உணர்ச்சி மங்கியிருக்கும்.

நசுங்கிய நரம்பு எல்லாமும் ஒன்றல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் போர்க்காலக் காயங்களைக் கவனித்துவந்த ஹெர்பர்ட் செடன் 1943இல் நரம்புக் காயத்தை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் எல்லா மருத்துவர்களும் அதைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள். முதல் வகையில் நரம்பிழைகள் முழுதாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள உறை மட்டும் ஓரிடத்தில் கெட்டு, செய்தி அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கிறது. இது சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் சரியாகும். இரண்டாம் வகையில் வெளிக்கூடு அப்படியே இருக்க, உள்ளே ஓடும் இழைகள் அறுந்துவிடுகின்றன. அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள பகுதி முழுவதும் சிதைந்துபோகும். இதை 1850இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் தவளைகளில் காட்டினார். பிறகு மேல்முனையிலிருந்து புதிய இழைகள் முளைத்து, பழைய கூட்டுக்குள்ளேயே வழிபிடித்து இறங்க வேண்டும். மூன்றாம் வகையில் நரம்பு முழுவதுமே அறுபட்டிருக்கும், அல்லது உள்ளே தழும்பு அடைத்துக்கொண்டு இழை எதுவும் தாண்ட முடியாதபடி இருக்கும். அறுவை இல்லாமல் அது திரும்பாது. அறுவை மேசையில் நரம்பைக் கண்ணால் பார்த்து "அறுபடவில்லை" என்று சொல்வது மூன்றாம் வகையின் ஒரு பாதியை மட்டுமே விலக்குகிறது. முதல் வகையா, இரண்டாம் வகையா, உள்ளே தழும்பு இருக்கிறதா என்பது அன்று யாருடைய கண்ணுக்கும் தெரிந்திருக்காது. எனவே மருத்துவர் தவறாக ஏதும் சொல்லிவிட்டதாக எண்ண வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு, அதாவது பத்தில் ஏழு பேருக்கு, இந்தக் காயம் தானாகவே திரும்புகிறது என்பதும் உண்மை.

இனி கரண்டுக்கு வருவோம். நரம்புத் தொடர்பு உள்ள தசைக்கு மேல் மின்துடிப்பைக் கொடுக்கும்போது, உண்மையில் தூண்டப்படுவது தசை அல்ல. தசைக்குள் ஓடும் நரம்பிழைகள்தாம். நரம்பிழை மிகக் குறுகிய துடிப்புக்கே பதில் சொல்லும். ஒரு மில்லிநொடியில் சிறு பங்கே அதற்குப் போதும். நரம்பிழை சிதைந்துபோய், தசையின் நார் தனியாக நின்றால் நிலைமை வேறு. அதன் படலம் மெதுவாகவே மின்னேற்றம் கொள்ளும். துடிப்பு பத்து மில்லிநொடிகளுக்கு மேல், பல வேளைகளில் நூறு மில்லிநொடி அளவுக்கு நீண்டால்தான் அது சுருங்கும். டென்ஸ் கருவியின் துடிப்பு நீளம் பொதுவாக 50 முதல் 400 மைக்ரோநொடி வரைதான். அதாவது நரம்பிழந்த தசைக்குத் தேவைப்படுவதில் நூறில் ஒரு பங்கைக்கூடச் சில சமயம் எட்டாது. குமிழை எவ்வளவு திருகினாலும் அந்தத் தசை அசையாது. தோலில் எரிச்சலும் வலியும்தான் மிஞ்சும். டென்ஸ் என்பது வலியைக் குறைப்பதற்காக, உணர்வு நரம்புகளைத் தூண்டுவதற்காக உருவான கருவி. அது அந்த வேலையைச் செய்யும். இந்த வேலையைச் செய்யாது.

பிசியோதெரபி நிலையங்களில் உள்ள மஸில் ஸ்டிமுலேட்டர் வேறு வகை. பெரும்பாலான கருவிகளில் இரண்டு முறைகள் இருக்கும். ஒன்று ஃபாரடிக், மற்றொன்று கால்வானிக். ஃபாரடிக் என்பது ஒரு மில்லிநொடிக்கும் குறைவான துடிப்புகளை வரிசையாகக் கொடுப்பது. நரம்புத் தொடர்பு உள்ள தசைக்கு உரியது. விட்டுவிட்டு வரும் கால்வானிக் முறையில் ஒவ்வொரு துடிப்பும் நூறு மில்லிநொடி அல்லது அதற்கு மேலும் நீளும். நரம்பிழந்த தசைக்கு உரியது. தம்பிக்கு வைக்கப்படும் கரண்ட் இவற்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஓரளவு புரியும். நரம்பு உள்ள தசை துடிப்பு வந்ததும் வெடுக்கென்று இழுக்கும். நரம்பிழந்த தசை புழு நெளிவதைப் போல மெல்ல எழும்பி மெல்ல அடங்கும். ஒருமுறை பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இங்கே குடும்பத்தினர் ஏமாந்துபோகும் ஓர் இடம் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முன்கையின் புறத்தே பேட் வைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போனால், மின்னோட்டம் பரவி உள்பக்கத் தசைகளையும் எட்டும். அந்தத் தசைகளுக்கு வேறு நரம்புகள் போவதால் அவை நலமாக இருக்கின்றன. குறுகிய துடிப்புக்கே சுருங்கிவிடுகின்றன. விளைவாக விரல்கள் மடங்கும். "கரண்ட் வைத்ததும் விரல் ஆடுகிறது, நரம்பு வந்துவிட்டது" என்று வீட்டில் மகிழ்வார்கள். ஆடவேண்டிய திசை அதுவல்ல. மணிக்கட்டு மேலே எழ வேண்டும், விரல்கள் அடிமூட்டில் நிமிர வேண்டும். மடங்கினால் தூண்டப்பட்டது தவறான தசை. இதேபோல் இன்னொன்று: கரண்ட் இல்லாமலேயே தம்பியால் விரல்களின் நடு மூட்டையும் நுனி மூட்டையும் நீட்ட முடியும். அதைச் செய்பவை உள்ளங்கையின் சிறு தசைகள்; கைக்கு வரும் மற்ற இரண்டு நரம்புகளில், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உல்னார் நரம்பும் மற்றவற்றுக்கு மீடியன் நரம்பும் போகின்றன. ரேடியல் நரம்புக்கும் அந்த அசைவுக்கும் தொடர்பில்லை. சரியாகப் பார்க்க வேண்டுமானால் மணிக்கட்டை நீங்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டியில் அவை மேலே எழுகின்றனவா என்று பாருங்கள். மணிக்கட்டைப் பார்க்கும்போது, முதலில் விரல்களை இறுக்கி மடக்கி, பின் தளர்த்தும்போது ஏற்படும் துள்ளலை அசைவாக எண்ணிவிடக் கூடாது.

நரம்பு உள்ள தசைக்கும் நரம்பிழந்த தசைக்கும் உள்ள வேறுபாட்டையே ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப் போன்றவர்கள் இதைத்தான் செய்தார்கள். ஃபாரடிக் துடிப்புக்குப் பதில் சொல்லாமல் கால்வானிக் துடிப்புக்கு மட்டும் மெதுவாகச் சுருங்குகிற தசையை, நரம்பு சிதைந்த தசை என்று அவர்கள் இனம்கண்டார்கள். இன்றைக்கும் இதன் தர்க்கம் மாறவில்லை. காயத்துக்குக் கீழே நரம்பு சிதைய ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகும். மூன்று வாரம் கழிந்த பிறகும், முழங்கைக்கு அருகே ரேடியல் நரம்பின்மேல் குறுகிய துடிப்பைக் கொடுத்தால் மணிக்கட்டு வெடுக்கென்று எழுகிறது, ஆனால் அவர் விரும்பித் தூக்க முயன்றால் எழவில்லை என்றால், அது மிக நல்ல செய்தி; இழைகள் உயிரோடு இருக்கின்றன, இடையில் ஓர் இடத்தில் மட்டும் தடை இருக்கிறது என்று பொருள். அவருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கை திரும்பும். அப்படிப்பட்டவருக்கு இரண்டு மாதம் கரண்ட் வைத்து, கை எழுந்ததும் அது கரண்டால் எழுந்தது என்று நம்புவது மிகவும் இயல்பு. இந்தச் சிகிச்சைக்கு ஊரில் இருக்கும் நற்பெயரில் ஒரு பகுதி இப்படி வந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

இப்போதைய நரம்புக் கடத்தல் சோதனையும் இ.எம்.ஜி. சோதனையும் இதையே துல்லியமாக அளந்து சொல்கின்றன. இ.எம்.ஜி.யில் மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி அதன் மின்னசைவைப் பார்ப்பார்கள். நரம்பிழந்த தசை ஓய்வாக இருக்கும்போதே தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். இந்த அடையாளம் தோன்ற இரண்டு மூன்று வாரங்கள் ஆவதால், விபத்து நடந்தவுடன் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை. 6 வாரம் ஆன தம்பிக்கு இது சரியான வேளை. இதுவரை செய்யவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள்.

அடுத்த கேள்வி, தசை சூம்புவதைப் பற்றியது. 1841இல் ஜான் ரீட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தவளைகளின் பின்கால் நரம்புகளை வெட்டி, ஒரு காலுக்கு மட்டும் நாள்தோறும் கால்வானிக் மின்சாரம் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அந்தக் காலின் தசை பருமன் குறையாமல் இருந்தது. மற்ற கால் மெலிந்துபோயிருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 1940களின் தொடக்கத்தில், நாஜிகளிடமிருந்து தப்பி ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியிருந்த எர்ன்ஸ்ட் குட்மனும் லுட்விக் குட்மனும் முயல்களில் இதைக் கவனமாகச் செய்து பார்த்து, நாள்தோறும் கொடுத்த கால்வானிக் தூண்டல் மெலிவைத் தாமதப்படுத்துகிறது என்று காட்டினார்கள். (பின்னாளில் ஸ்டோக் மாண்டவில்லில் முதுகுத்தண்டுக் காயமுற்றோருக்கான சிகிச்சைப் பிரிவைத் தொடங்கி, பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவர் இந்த லுட்விக் குட்மன்தான்.) 1972இல் தெர்யே லோமோவும் ஜீன் ரோசன்தாலும் எலிகளில் செய்த ஆய்வு இன்னும் ஆழமானது. நரம்பிழந்த தசையில் ஏற்படும் சில மாற்றங்களை, நேரடியாகத் தசையைத் தூண்டி வேலை வாங்குவதன் மூலமே தடுக்கவும் திருப்பவும் முடியும் என்று அவர்கள் கண்டார்கள். தசைக்கு நரம்பு கொடுப்பதில் பெரும்பகுதி வேலைதான் என்பது அதிலிருந்து தெரிந்தது. எனவே தசைக்குக் கரண்ட் வைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது. கேள்வி எல்லாம் அளவைப் பற்றியது.

அந்த அளவு எவ்வளவு என்பதை வியன்னாவின் ஹெல்முட் கெர்னும் அவருடைய குழுவினரும் மனிதர்களிடமே காட்டியிருக்கிறார்கள். முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் காயமுற்று, கால் தசைகளுக்கான நரம்புத் தொடர்பை முற்றிலும் இழந்தவர்களுக்கு, வீட்டிலேயே வாரத்தில் 5 நாட்கள் என இரண்டு ஆண்டுகள் தொடைத் தசையைத் தூண்டினார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு துடிப்பும் 120 முதல் 150 மில்லிநொடி நீளம். மின்னோட்டம் 250 மில்லியாம்பியர் வரை. தொடையை மூடும் அளவுக்குப் பெரிய மின்முனைகள். 2010இல் வெளிவந்த முடிவுகளின்படி தசையின் குறுக்குப்பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது, தசைநார்கள் தடித்தன, சிலரால் தூண்டலின் துணையோடு எழுந்து நிற்கவும் முடிந்தது. வியக்கத்தக்க உழைப்பு அது. ஆனால் அதற்கென்றே உருவாக்கிய கருவி, மருத்துவர்களின் தொடர் கண்காணிப்பு, ஆண்டுக்கணக்கான ஒழுங்கு ஆகியவை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பலனைத் தந்தன. நிலையத்தில் பேட் வைத்துப் பத்து நிமிடம், அதுவும் ஞாயிறும் விடுமுறையும் போக, சில நூறு மெல்லிய சுருக்கங்கள் என்பதற்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகம். கொஞ்சம் கொடுத்தால் கொஞ்சமாவது பலன் இருக்கும் என்று இதிலிருந்து ஊகித்துவிட முடியாது.

தசையைத் தூண்டுவது, வந்துகொண்டிருக்கும் நரம்பிழைகளைத் தடுத்துவிடாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. அந்த ஐயத்துக்குக் காரணம் இருக்கிறது. பாதி நரம்பை இழந்த தசைகளில், மிச்சமிருக்கும் இழைகள் கிளைவிட்டுப் பக்கத்து நார்களையும் பிடித்துக்கொள்ளும். மிகுதியான தூண்டல் அந்தக் கிளைத்தலைக் குறைப்பதாக விலங்குகளில் சில ஆய்வுகள் காட்டின. எலிகளில் நரம்பை வெட்டித் தைத்த பிறகு தசையை மிதமாகத் தூண்டியபோது மீட்சி மேம்பட்டதாக வேறு ஆய்வுகள் காட்டின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மிதமான அளவில் கெடுதல் நேரும் என்று அஞ்சத் தேவையில்லை. பெரும் பலனை எதிர்பார்க்கவும் இடமில்லை. முகவாதம் வேறு கதை. அங்கே இழைகள் தவறான தசைகளுக்குப் போய், கண்ணை மூடினால் வாய் இழுப்பது போன்ற கோளாறுகள் வருவது சாதாரணம். கரண்ட் வைத்ததால் நன்மை என்று நிறுவப்படாத நிலையில், முகத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

நரம்பை உண்மையாகவே விரைவாக மீட்கும் மின்தூண்டல் ஒன்று உண்டு என்று மேலே சொன்னேன். 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரில், டெசா கோர்டனும் உடன் பணிபுரிந்தவர்களும் எலிகளின் தொடை நரம்பை வெட்டித் தைத்து, தைத்த இடத்துக்கு மேலே, நொடிக்கு 20 துடிப்பு வீதம் ஒரே ஒரு மணி நேரம் தூண்டினார்கள். தூண்டப்படாத எலிகளில் இயக்க நரம்புகள் எல்லாம் 25 மில்லிமீட்டர் தூரத்தைக் கடந்து முடிக்க 8 முதல் 10 வாரங்கள் ஆயின. தூண்டப்பட்டவற்றில் 3 வாரத்தில் முடிந்தது. இரண்டு வாரம் இடைவிடாமல் தூண்டினாலும் ஒரு மணி நேரத்தைவிட அதிகப் பலன் கிடைக்கவில்லை. இழைகள் வளரும் வேகம் இதனால் கூடுவதில்லை. வெட்டிய இடத்தைத் தாண்டுவதற்கு அவை எடுத்துக்கொள்ளும் நீண்ட தயக்கம்தான் குறைகிறது. மின்துடிப்பு மேல்நோக்கிப் பயணித்து முதுகுத்தண்டில் உள்ள நரம்புச் செல்லை எட்ட வேண்டும். அந்த வழியை மருந்தால் அடைத்துவிட்டால் பலனும் நின்றுவிடுகிறது. செல்லை எட்டிய துடிப்புகள், வளர்ச்சிக்கான புரதங்களை அது வழக்கத்தைவிட முன்னதாகவே உருவாக்கும்படி செய்கின்றன.

மனிதர்களிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். மணிக்கட்டில் நசுங்கிய மீடியன் நரம்பை விடுவிக்கும் அறுவைக்குப் பிறகு, ஒரு மணி நேரம் இப்படித் தூண்டப்பட்டவர்களின் கட்டைவிரல் தசைக்கு இழைகள் கூடுதலாகவும் விரைவாகவும் வந்து சேர்ந்தன என்று 2010இல் எட்மன்டன் குழு வெளியிட்டது. ஆனால் அன்றாடச் செயல்திறனில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். முழுதாக அறுந்த விரல் நரம்பைத் தைத்தவர்களிடம் உணர்ச்சி மேம்பட்டதாக 2015இலும், முழங்கையில் கடுமையாக நசுங்கிய உல்னார் நரம்புக்கு அறுவை செய்தவர்களிடம் இழைகளும் பிடிவலுவும் கூடியதாக 2020இலும் முடிவுகள் வந்தன. இவை சிறிய ஆய்வுகள்தாம். ஆனாலும் ஒழுங்காக, யாருக்குத் தூண்டல் என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்யப்பட்டவை. நரம்பு மீட்சியில் மின்சாரத்துக்கு எதிர்காலம் இருக்குமானால் அது இந்த வழியில்தான் என்று நம்புகிறேன். தம்பிக்கு ஒருவேளை மீண்டும் நரம்பைத் திறந்து பார்க்க நேர்ந்தால், இந்த வசதி உண்டா என்று அறுவை மருத்துவரிடம் அப்போது கேளுங்கள். தோலின்மேல் பேட் வைத்து இதை வீட்டில் செய்துகொள்ள முடியாது.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? கரண்டுக்கு முன்னால் மூட்டுகள். நரம்பு ஒன்பது மாதம் கழித்துத் திரும்பி வந்தாலும், விரல் மூட்டுகள் அதற்குள் இறுகிப்போயிருந்தால் அந்த நரம்பால் பயனில்லை. முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை முழுதாகத் தூக்கி, அந்த நிலையிலேயே விரல்களையும் அடிமூட்டில் நிமிர்த்தி, கட்டைவிரலை விரித்து, ஒரு நாளில் பல தடவை மெதுவாக அசைத்துக் கொடுங்கள். இதை அவரே இடக்கையால் செய்துகொள்ளலாம். மற்ற நேரமெல்லாம் மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் காக்-அப் ஸ்பிளின்ட் கையில் இருக்கட்டும். விரல்களையும் ரப்பர் பட்டையால் தூக்கிப் பிடிக்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்பிளின்ட் போட்டதும் ஒரு டம்ளரைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். தொங்கிய மணிக்கட்டோடு பிடிக்க முடியாதது, மணிக்கட்டு நிமிர்ந்ததும் பிடிபடும். விரல் மடக்கும் தசைகளுக்கு அந்த நிமிர்வு இருந்தால்தான் வலு கிடைக்கிறது. அன்றாட வேலைகளில் அந்தக் கை ஓரளவுக்காவது சேர்ந்துகொள்ள இதுவே வழி. பல வீடுகளில் கரண்டுக்குத் தினமும் போய்வருவார்கள். ஸ்பிளின்ட் அலமாரியில் கிடக்கும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இ.எம்.ஜி.யில் இழைகள் அறுந்திருப்பது தெரிந்து, உங்களுக்கு நேரமும் வசதியும் இருந்தால், நீண்ட துடிப்புள்ள தூண்டலைத் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் கையால் தொடரலாம். அதற்காகக் கடன் வாங்கவோ வேலையை விடவோ வேண்டாம். தொடர்ந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். ஒரே திசையில் ஓடும் நீண்ட துடிப்புகள் தோலுக்கு அடியில் வேதிமாற்றத்தை உண்டாக்கிப் புண்ணாக்கக் கூடும். உணர்ச்சி மங்கிய இடத்தில் எரிவதே தெரியாது. பேடுக்கு அடியில் வைக்கும் துணி நன்றாக நனைந்திருக்க வேண்டும், உலோகம் எதுவும் தோலைத் தொடக் கூடாது, முடித்ததும் தோலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவருடைய மேற்கையில் பிளேட்டும் திருகுகளும் இருப்பதால், ஒருதிசை மின்னோட்டத்தை அந்தப் பகுதிக்கு மேல் செலுத்தக் கூடாது. முன்கையோடு நிற்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையே கூடாது. ஒருநாள் தசை தானாக லேசாக அசையத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு நிலைமை மாறுகிறது: அவர் தூக்க முயலும் அதே நொடியில் குறுகிய துடிப்பும் சேரும்படி வைத்துப் பழக்குவது, பலவீனமான தசையைக் கண்டுபிடித்து வேலை வாங்க உதவும். மின்தூண்டலுக்கு நான் முழு மனதோடு இடம் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

கடைசியாக நாள்கணக்கு. முளைத்த இழை நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். முறிந்த இடத்திலிருந்து, முதலில் நரம்பு சேரும் தசையின் நுழைவிடம் சுமார் 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 90 நாட்களும் தொடக்கத் தயக்கத்துக்குச் சில வாரங்களும் ஆகும். அந்தத் தசை முழங்கைக்கு வெளிப்புறம் கட்டைவிரல் பக்கமாக இறங்குவது. கட்டைவிரல் மேலே இருக்கும்படி முன்கையை வைத்து, முழங்கையை எதிர்ப்புக்கு எதிராக மடக்கச் சொன்னால் அது கயிறு போலத் திரள வேண்டும். மணிக்கட்டு அதற்குப் பிறகு எழும். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் எல்லாவற்றுக்கும் கடைசி, அவற்றுக்கு எட்டு ஒன்பது மாதங்கள்கூட ஆகலாம். இடையில், நரம்பு ஓடும் பாதையில் மெல்லத் தட்டும்போது கையின் புறத்தே விர்ரென்று மின்சாரம் பாய்வதுபோல் உணரும் இடம் மாதத்துக்கு ஓர் அங்குலம் வீதம் கீழே இறங்குகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இது 1915இல் ஹாஃப்மனும் டினெலும் தனித்தனியே விவரித்த சோதனை, இன்றும் பயன்படுகிறது.

விபத்து நடந்து மூன்றரை, நான்கு மாதம் ஆகும்போது அந்த முதல் தசையிலோ இ.எம்.ஜி.யிலோ எந்தத் துளிர்ப்பும் இல்லை என்றால், கை நரம்பு அறுவையில் தேர்ந்த மருத்துவரிடம் அப்போதே போக வேண்டும். நரம்பைத் திறந்து பார்த்துத் தழும்பை நீக்குவதற்கும், வேறு நரம்பின் கிளையைக் கொண்டுவந்து இணைப்பதற்கும் ஆறு மாதத்துக்குள் செய்வதே சிறந்தது. ஒன்று ஒன்றரை ஆண்டு நரம்பில்லாமல் கிடந்த தசை, பிறகு வரும் இழையை ஏற்கும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. வாரம் ஆறு நாள் கரண்ட் வைத்திருந்தாலும் அந்தக் கெடு நீளும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. "இன்னும் ஆறு மாதம் கரண்ட் வைத்துப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும், அந்த நான்காம் மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். அதையும் தவறவிட்டவர்களுக்குக்கூட வழி இருக்கிறது. நலமாக உள்ள தசைகளின் தசைநாண்களை எடுத்து மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் மாற்றித் தைக்கும் அறுவையில், ரேடியல் நரம்புக்காக உலகெங்கும் செய்யப்படும் முறைகளில் ஒன்று பால் பிராண்டின் பெயரால் வழங்குகிறது. 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு இத்தகைய அறுவைகளைத் தொடங்கியவர் அவர்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இவற்றைக் கேளுங்கள்: இ.எம்.ஜி. எப்போது, எந்தெந்தத் தசைகளில். இழைகள் அறுந்திருக்கின்றனவா, செய்தி மட்டும் தடைபட்டிருக்கிறதா. முறிந்த இடத்திலிருந்து முதல் தசை எத்தனை சென்டிமீட்டர், அதன்படி எந்தத் தேதிக்குள் அசைவை எதிர்பார்க்கலாம். அந்தத் தேதி தாண்டினால் யாரிடம் அனுப்புவார். பதிலை ஒரு தாளில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இ.எம்.ஜி. முடிவு கைக்கு வந்த பிறகு எழுதினால், அதில் உள்ளதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.